அம்மாவின் கைக்கு ஒரு கொடுவாள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "இயற்பியல் மாணவிதானே, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதிக் கொடேன்" என்றார் எங்கள் பேராசிரியை. அணுவைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் எங்கள் வகுப்பிலேயே நால்வர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு முழுவதும் என் மனத்தைப் பிடித்துக் கொண்டிருந்தது அணுவும் அல்ல, அண்டமும் அல்ல; ஒரு கொடுவாள். கொடுவாளா என்று முகம் சுளிக்காதீர்கள். அதன் பெயரைக் கெடுத்தவை திரைப்படங்கள். எங்கள் வீட்டில் அது துடைப்பத்தைப் போல, முறத்தைப் போல ஒரு பொருள். அது இல்லாமல் அடுப்பு எரியாது.

மந்தாரக்குப்பம் என்றால் நெய்வேலி, நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் எங்கள் கடைத்தெருவைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் வேறு ஓர் உலகம் இருக்கிறது. செம்மண், செம்மண் தெரிந்த இடமெல்லாம் முந்திரி, முந்திரிக்கு ஊடே பலா. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்த மரம், இன்று எங்கள் பக்கத்து மக்களுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக நிற்கிறது. எங்களுக்கும் அரைக் காணித் தோப்பு உண்டு. என் தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா கையெழுத்துப் போடுவார். கல்லூரிப் பேருந்தில் ஏறிய முதல் ஆள் நான்தான்.

அப்பாவுக்கு மரம் வெட்டும் வேலை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எனக்கு ஆறு வயது. புயலைவிட அதற்குப் பிந்திய நாட்கள்தாம் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை, வானம்தான் இருந்தது. வேரோடு சாய்ந்த முந்திரி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முப்பது, நாற்பது ஆண்டு வயதுடைய பலா மரங்கள் வேர்க்கட்டையைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன. பெரியவர்கள் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு எத்தனையோ நாள் எங்கள் பக்கம் முழுவதும் ஒரே ஓசை: டக், டக், டக் என்று கொடுவாள் ஓசை. நடுநடுவே இயந்திர ரம்பத்தின் அலறல். சாய்ந்த மரத்தை அப்படியே விட்டால் புதுக் கன்று வைக்க இடமில்லையே! அப்பா அந்த நாட்களில் விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகுதான் வருவார். அந்தக் கூலியில் லாரிப் பட்டையிலிருந்து அடித்து வாங்கியதுதான் எங்கள் வீட்டுக் கொடுவாள். பதினான்கு அங்குல அலகு, முதுகில் சுண்டுவிரல் கனம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1 கிலோ 150 கிராம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்குப் பழுதில்லை, வலக்கை மட்டும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. அன்று முதல் கொடுவாள் அம்மாவின் கைக்கு மாறிற்று.

முந்திரித் தோப்பில் கொடுவாளுக்கு என்ன வேலை என்று நகரத்து நண்பர்கள் கேட்கக் கூடும். தை, மாசியில் மரத்தடியைச் சுத்தமாக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் உதிரும் கொட்டை புதரில் விழுந்தால் கிடைக்காது. கீழே தொங்கும் காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். வேலியோரத்து வேலிக்காத்தானை ஒடுக்காவிட்டால் அது தோப்பையே வேலியாக்கிவிடும். வெட்டியதையெல்லாம் அடுப்புக்கு ஏற்றவாறு துண்டாக்க வேண்டும். இவற்றையெல்லாம் அம்மா 1 கிலோ 150 கிராமைத் தூக்கித் தூக்கிச் செய்தார். இரவில் மணிக்கட்டு வீங்கிவிடும். தைலத்தைத் தேய்த்துக் கொண்டு, "ஒண்ணுமில்ல, ஊதக் காத்து" என்பார். நான் வெட்டுகிறேன் என்றால் விட மாட்டார். "பேனா புடிக்கிற கையில இதெல்லாம் எதுக்கு?" என்பார். அந்தச் சொல் எனக்குப் பெருமையாகவும் இருந்தது; வயிற்றைப் பிசையவும் செய்தது.

ஆகவே இலேசான கொடுவாள் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் என் கணக்கில் வரும் ஆயிரம் ரூபாயில் கொஞ்சம் மீத்து வைத்திருந்தேன். சந்தையில் பளபளவென்று ஒன்று கண்ணைப் பறித்தது. துருப்பிடிக்காத எஃகாம். நேரான அலகு, குழாய்ப் பிடி, எடை 400 கிராம். விலையும் குறைவு. பாதிக்கும் குறைந்த எடை, பாதிக்கும் குறைந்த வலி என்று கணக்குப் போட்டேன். இயற்பியல் மாணவி அல்லவா!

மூன்றாம் நாள் அதன் பலன் தெரிந்தது. வேலியோரம் காய்ந்து இறுகிய வேலிக்காத்தான் அடிக்கட்டை ஒன்றில் அம்மா ஓங்கிப் போட்டார். மெல்லிய அலகு கட்டையில் இறங்கவில்லை. கம்பி போல நெளிந்து, துள்ளி, அம்மாவின் இடது முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. நான்கு தையல். கத்தியின் வாய் அப்பளத்தின் ஓரம் போலச் சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தைகூட என்னைக் கடிந்து கொள்ளவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அப்பா அந்தக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இலேசா இருக்குன்னு வாங்கியிருக்க. இது இலேசு இல்ல பாப்பா, சோதா."

இலேசுக்கும் சோதாவுக்கும் என்ன வேறுபாடு? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அம்மாவின் காலில் நான்கு தையலுக்குக் காரணம் என் கணக்கு. கணக்கில் எங்கே பிழை?

விடை பாதி வந்தது ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து. எங்கள் கடைத்தெருவில் இரவுக் காவல் பார்க்கும் நேபாளத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் கூர்க்கா அண்ணன். நான் காலைப் பேருந்துக்கு நிற்கும் நேரமும் அவர் வேலை முடித்துத் தேநீர் குடிக்கும் நேரமும் ஒன்று. அம்மா காலைப் பற்றி விசாரித்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "தங்கச்சி, வெயிட் கம்மி ஆவறது தப்பு இல்ல. வெயிட் எங்கே இருக்கு, அது பாக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அவர் குடும்பம் இருக்கும் அறைக்குப் போனபோது, அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு குக்குரியை எடுத்து வந்து கொடுத்தார். அதில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது!

குக்குரியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் பார்க்காமல் வைக்கக் கூடாது என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது வெறும் கட்டுக்கதை. நேபாள மலைக் கிராமங்களில் அது விறகு பிளக்கும், புல் அறுக்கும், கோழி நறுக்கும், இஞ்சி தட்டும். 1814 முதல் 1816 வரை நடந்த போரில் ஆங்கிலேயர் அதை எதிர்க்கரையில் நின்று பார்த்தார்கள். பார்த்தவுடன் அந்த வீரர்களைத் தம் படையிலேயே சேர்க்கத் தொடங்கினார்கள். 1947இல் கூர்க்கா படைப்பிரிவுகள் பத்தில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தன. குக்குரி இரு பக்கமும் போயிற்று. புகழ் போர்க்களத்தில் கிடைத்தது. பிழைப்பு அடுப்படியில் நடக்கிறது. நம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் அதே கதைதானே?

அந்தக் குக்குரி அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் கையில் எடுத்தால் சந்தைக் கத்தியைப் போல வெறுமையாக இல்லை. அலகு பிடியிலிருந்து நேராகப் போய், நடுவில் முன்பக்கமாக வளைந்து, வளைவுக்கு அப்பால் வயிறு வைத்து அகன்று, மறுபடி கூராக முடிகிறது. முதுகு பிடியருகே கனமாக இருந்து முனையை நோக்கி இளைத்துக் கொண்டே போகிறது. இன்னும் ஒல்லியான வகை ஒன்று உண்டாம். சிருபாதே என்று பெயர். சிரு என்னும் புல்லின் இலை போன்றது என்பது பொருள். பெயர் வைத்தவர் கவிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும். இலேசான குக்குரி வேண்டுமென்பவர் அந்த வகையைத் தேடுவார்களாம். பிடியருகே அலகில் ஒரு சிறு வெட்டு இருந்தது. எதற்கு என்று கேட்டேன். அண்ணன் ஒரு காரணம் சொன்னார், அவர் மனைவி இன்னொன்று சொன்னார், இருவரும் நேபாளியில் சிறிது நேரம் வாதாடினார்கள். அதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

எனக்கு ஒன்று தரச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கொட்டாங்குச்சி உரிப்பதும், கிளையைக் கொக்கியால் இழுத்து வெட்டுவதும் நம் கொடுவாளின் வளைந்த மூக்குக்குத்தான் வரும். குக்குரிக்கு அந்த மூக்கு இல்லை. மேலும் சட்டம் ஒன்று உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ உள்ள கத்திகளை நம் நாட்டு ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன; குக்குரியின் பெயரே அங்கே வருகிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்யப்பட்டவை விலக்கு. ஆகவே குக்குரியை விட்டு, அதன் பாடத்தை மட்டும் எடுத்துக் கொண்டேன்.

விடையின் மற்றப் பாதி நம் செய்முறைக் கூடத்தில் கிடைத்தது. முதலாண்டில் கூட்டு ஊசல் சோதனை செய்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு சட்டத்தைத் தொங்கவிட்டு ஆட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதற்குச் சமமான தனி ஊசலின் நீளத்தைக் காண்பது. அந்த நீளத்தில் ஒரு மர்மம் இருக்கிறது. தொங்கும் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் சட்டத்தின் மேல் ஓர் இடம். அங்கே அடி விழுந்தால் தொங்கும் புள்ளியில் அதிர்ச்சியே இராது. மட்டைப் பந்தாட்டக்காரர்கள் 'நடு மட்டை' என்று சொல்லும் இடம் ஏறக்குறைய அதுதான். கொடுவாளைத் தொங்கவிட்டால் அதற்கும் அப்படி ஓர் இடம் இருக்க வேண்டுமல்லவா?

(பேராசிரியர்கள் அஞ்ச வேண்டாம். கொடுவாளை நான் கல்லூரிக்குக் கொண்டு வரவில்லை.) வீட்டிலேயே, கை பிடிக்கும் இடத்தில் ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியைக் குறுக்கே இறுகக் கட்டி, அதன் இரு முனைகளையும் செங்கல் அடுக்குகளின் மேல் வைத்து ஆட்டினேன். செல்பேசியில் நேரம் பார்த்தேன். அப்பாவின் கொடுவாளுக்கு இருபது அலைவு 21.6 வினாடி. கணக்கிட்டால் பிடியிலிருந்து 29 சென்டிமீட்டர். அப்பா ஆண்டுக்கணக்கில் வெட்டித் தேய்ந்த வாய் எங்கே இருக்கிறது என்று அளந்தேன். அதே இடம்! மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பாவின் கை, சூத்திரம் இல்லாமல் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. சந்தைக் கத்திக்கு 18.8 வினாடி, 22 சென்டிமீட்டர். அதாவது அதன் நல்ல இடம் அலகின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அம்மா பழக்கத்தில் முனைப்பக்கமாக, 28 சென்டிமீட்டரில் போட்டார். அங்கே விழுந்த ஒவ்வோர் அடியும் கையை உதறச் செய்திருக்கிறது.

எடையைக் குறைப்பதால் வீச்சின் வேகம் பெரிதாகக் கூடிவிடும் என்றும் நான் எண்ணியிருந்தேன். அதுவும் பிழை. கத்தியோடு சேர்த்து நம் கையின் எடையையும் அல்லவா வீசுகிறோம்? இலாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எடை 450 கிராம் குறைந்தால், ஐந்நூறு வீச்சுக்கு 225 கிலோவைத் தோள் உயரத்துக்குத் தூக்காமல் மிச்சம். 75 கிலோ அரிசி மூட்டை மூன்று! இதை அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு நாளைக்கு ஐந்நூறு வீச்சுதான்னு யாரு ஒனக்குச் சொன்னது?" என்றார்.

வரைகட்டத் தாளில் படம் வரைந்து எடுத்துக் கொண்டு, அம்மாவுடன் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். பட்டறைத் தாத்தா முதலில் என் தாளைப் பார்க்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பெயர், ஊர், செல்பேசி எண், என்ன வேலைக்கு என்று எழுத வேண்டுமாம். 2021 செப்டம்பரில் காவல் துறை தமிழ்நாடு முழுவதும் அரிவாள் செய்பவர்களையும் விற்பவர்களையும் அப்படிக் குறித்து வைக்கச் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். 'முந்திரித் தோப்பு' என்று எழுதினேன். பிறகு பழக்கத்தில் 'பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு' என்றும் எழுதிவிட்டேன். தாத்தா கண்ணாடியை இறக்கி என்னை ஒரு முறை பார்த்தார். அதன் பிறகுதான் தாளைக் கேட்டார்.

"படம் நல்லா இருக்கு. ஆனா யாரு கைக்கு?"

"அம்மாவுக்கு, தாத்தா. கொஞ்சம் எனக்கும்."

அம்மாவின் கையை விரித்து வைக்கச் சொல்லி, ஒரு நூலை உள்ளங்கையைச் சுற்றி எடுத்து முடிச்சுப் போட்டார். பாதி வலி கத்தியில் இல்லையாம், பிடியில் இருக்கிறதாம். அப்பாவின் பிடி அம்மாவின் விரலுக்குள் அடங்காது. அடங்காத பிடியை விடாமல் இறுக்கிக் கொண்டே வெட்டுவதால் மணிக்கட்டு வீங்குகிறது. இது என் கணக்கில் எங்குமே இல்லை.

பிறகு தாத்தா எங்கள் பழைய கொடுவாளைத் தூக்கிப் பார்த்தார். சுழலும் சாணையில் அதன் ஓரத்தைத் தொட்டார். பொறி பூப்பூவாய் வெடித்தது. சாதாரண இரும்பென்றால் பொறி நீளக் கோடாய்ப் போகும். கரி மிகுந்த எஃகென்றால் மத்தாப்பாய்ப் பூக்கும். லாரிப் பட்டையில் கரியின் பங்கு நூற்றுக்கு அரை, அரைக்குச் சற்று மேல் இருக்கும். கட்டடக் கம்பியில் அதில் பாதிகூட இருக்காது. "தங்கமான பட்டை. புதுசு எதுக்கு? இதையே காய்ச்சி அடிச்சி எளைக்க வெச்சிடறேன். காசும் மிச்சம்" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் கொடுவாளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சிறிது நேரம் கழித்து, "வேணாம்" என்றார். அவ்வளவுதான். காசை மிச்சம் பிடிப்பதற்காக நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது.

புதியது ஒரு சிறு வேனின் பட்டையிலிருந்து பிறந்தது. லாரிப் பட்டையைவிட மெல்லியது. இளைக்க வைக்க அதிகம் அடிக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லாததால் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பெல்லாம் துருத்தி, இப்போது சிறிய மின்விசிறி. கரி கனன்று, பட்டை செஞ்சூரியன் நிறம் கொண்டதும் தாத்தா குறடால் பிடிக்க, அவர் மகன் சம்மட்டி போட்டார். அகன்றது, வளைந்தது, வயிறு வைத்தது. முதுகு பிடியருகே கனத்து, மூக்கருகே இளைத்தது. கூர்க்கா அண்ணன் வீட்டில் பார்த்ததுதான். தாத்தாவிடம் குக்குரியின் பெயரைச் சொன்னேன், அவர் கேள்விப்பட்டதில்லை. "எந்த ஊரா இருந்தா என்னா, மரம் வெட்டினா இப்படித்தான் வரும்" என்றார்.

தோய்ச்சல்தான் கட்டம். அலகு முழுவதையும் தண்ணீரில் முக்கவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் முக்கி எடுத்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்கியது. தேய்த்துப் பளபளப்பாக்கிய விளிம்பில் நிறங்கள் நடந்து வந்தன: முதலில் வைக்கோல், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ. அடுத்து மயில்கழுத்து நீலம் வரத் தொடங்கியதும் மறுபடி சடாரென்று தண்ணீர். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகை, நீலம் 300 பாகை செல்சியஸ் என்று நம் நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. தாத்தாவிடம் வெப்பமானி இல்லை. வைக்கோலிலேயே நிறுத்தினால் வாய் கண்ணாடி போல் பொரியும்; நீலத்தைத் தாண்டிவிட்டால் சுருளும். சந்தைக் கத்தி ஏன் சுருண்டது என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் சுரங்கத்தில் மலை போன்ற சக்கர இயந்திரங்கள் கடலூர் மணற்கல்லைச் சுரண்டும்போதும் முதலில் தேய்வது வாளிகளின் பல்தான். பெரியதோ சிறியதோ, வெட்டும் வாய்க்கு விதி ஒன்றே போலும்.

பூவரசம் பிடி போட்டு, பூண் இறுக்கி, முடிவில் எடை 700 கிராம். எண்ணூறு ரூபாய். வரும் வழியில் பேருந்தில் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நடத்துநர் "அது என்னாம்மா?" என்றார். "கொடுவா" என்றார் அம்மா, ஏதோ வெண்டைக்காய் என்பதுபோல. எனக்குத்தான் வேர்த்தது. வீட்டுக்கு வந்ததும் சைக்கிள் கம்பியைக் கட்டினேன். 20.5 வினாடி, 26 சென்டிமீட்டர். வயிற்றின் நடுவில்.

வெட்டப் பழகியது தனிக் கதை. பழைய புண் ஆறும்வரை அம்மா உட்கார்ந்து சொல்ல, நான் வெட்டினேன். "பேனா புடிக்கிற கை" பற்றி அவர் ஏனோ பேசவில்லை. கிளையை நேர்குத்தாக வெட்டக் கூடாது. சாய்த்து வெட்டினால் நார் விட்டுக் கொடுக்கும். வலப்பக்கம் வீசும்போது இடக்காலைப் பின்னுக்கு எடுத்துக் கொள்ள வேண்டும். தவறினால் கத்தி காற்றில் போகுமே தவிரக் காலுக்கு வராது. பிடியை முட்டை போலப் பிடித்து வீசி, மரத்தில் படும் நொடியில் மட்டும் இறுக்க வேண்டும். இலேசான கத்தியை ஓங்கி அடிக்கத் தோன்றும், அது கூடாது. கத்தி தன் போக்கில் போக, கை கூடப் போக வேண்டும். துண்டாக்கும்போது கீழே கட்டை வைக்காவிட்டால் வாய் மண்ணில் இறங்கும். செம்மண்ணிலுள்ள மணல் ஒரே அடியில் ஒரு வாரக் கூரைத் தின்றுவிடும். முந்திரிப் பால் அலகைக் கறுக்க வைக்கும். வெட்டி முடித்தவுடன் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பலாவென்றால் வெட்டும் முன்னரே எண்ணெய்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடைப் பருமனுள்ள கட்டைக்கு இந்த 700 கிராம் போதாது. காய்ந்த வேலிக்காத்தான் அடிமரத்துக்கு அப்பாவின் கொடுவாள்தான். அல்லது ரம்பக்காரரைக் கூப்பிட வேண்டும். அம்மா அதை இப்போது தொடுவதில்லை. ரம்பக்காரருக்குக் கூலி கொடுத்துவிடுகிறோம். மணிக்கட்டு வீக்கம் முற்றும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தைலக் குப்பி முன்பு ஒரு மாதம் வந்தது, இப்போது மூன்று மாதம் வருகிறது.

அப்பாவிடம் புதியதைக் கொடுத்தபோது ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது கத்தி இல்ல, விசிறி" என்றார். பழையது அவர் தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் போடுவார்.

சென்ற மாதம் பருவத் தேர்வுக்காக விடியற்காலையில் எழுந்தேன். புதிய கொடுவாள் கதவுப் பக்கத்து இடத்தில் இல்லை. கொல்லையில் டக், டக் என்று ஓசை கேட்டது. விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல். எட்டிப் பார்த்தேன். அவரைப் பந்தலுக்கு அப்பா கழி சீவிக் கொண்டிருந்தார், இடக்கையால். வலக்கை கழியின் மேல் சும்மா கிடந்தது, பாரத்துக்கு. இரண்டு அடிக்கு ஓர் அடி தவறியது. நான் நிற்பது தெரிந்ததும் நிறுத்தினார். கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்த்து என் பக்கம் நீட்டினார்.

"பதம் போயிருச்சு பாரு. பரீட்சை முடிஞ்சதும் தீட்டி வை."